ஒன்பது வரிப் பட்டியலும் ஒரு சிவப்புப் பேனாவும்: லினக்ஸ் கணினிக்குப் பாகங்கள் தேர்ந்தெடுப்பது எப்படி

அண்ணன் மகள் ஒரு தாளை நீட்டினாள். “அத்தை, எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும். இணையத்தில் சரிபார்த்துவிட்டேன். நீங்கள் ஒருமுறை பார்த்துச் சரி என்று சொன்னால் வாங்கிவிடுவேன்” என்றாள். ஒன்பது வரிகள், ஒன்பது பாகங்கள். புத்தகப் பக்கம் வடிவமைப்பது என் தொழில் என்பதால் மெய்ப்புத் திருத்தும் சிவப்புப் பேனா எப்போதும் மேசையில் கிடக்கும். படித்து முடித்தபோது ஐந்து வரிகளில் கோடு விழுந்திருந்தது. அவளுக்குக் கோபம். “அப்படியானால் அந்தத் தளம் பொய் சொல்கிறதா?”

பொய் சொல்லவில்லை. பிராசஸர் மதர்போர்டின் சாக்கெட்டில் உட்காருமா, கார்டு கேபினெட்டுக்குள் நுழையுமா என்று அந்தத் தளங்கள் பார்க்கும். விண்டோஸ் போடுகிறவருக்குப் பெரும்பாலும் அது போதும். பாகத்தைச் செய்தவரே அதை இயக்கும் நிரலான டிரைவரும் எழுதிக் கொடுத்துவிடுவார். லினக்ஸ் போடுகிறவர் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். இந்தப் பாகத்தை என் கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மைய நிரலுக்கு, தெரியுமா? எந்தப் பதிப்பிலிருந்து தெரியும்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாங்கியதால் நான் பட்ட பாட்டை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஆறு கணினிகள் கட்டிய அனுபவம் அதில் இருக்கிறது. அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

பட்டியலின் முதல் வரி

அவளுடைய தாளில் இல்லாத ஒரு வரியை முதலில் மேலே எழுதினேன்: எந்த வழங்கல் (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பு), எந்தக் கெர்னல். லினக்ஸில் டிரைவர்களில் பெரும்பாலானவை கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. அதனால் டிரைவர் தேடி அலைய வேண்டாம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் கெர்னல் வெளியான பிறகு பிறந்த பாகத்தை அந்தக் கெர்னல் பெரும்பாலும் அறியாது என்பது அதே ஏற்பாட்டின் மறுபக்கம்.

புதிய கெர்னல் ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவருகிறது. உங்கள் வழங்கல் அதை அன்றே கொடுத்துவிடாது. டெபியன் 12 வெளிவந்தது 2023 ஜூனில், அதன் கெர்னல் 6.1. டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்டில், கெர்னல் 6.12. உபுண்டு 24.04 முதலில் 6.8 கெர்னலோடு வந்தது. அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்குப் பின்னர் புதிய கெர்னல்களும் வழங்கப்படும். டெபியனில் புதிய கெர்னலைப் பழைய பதிப்புக்குக் கொடுக்கும் பேக்போர்ட்ஸ் என்ற கிடங்கு உண்டு. ஃபெடோராவும் ஆர்ச்சும் கெர்னலை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்.

அவள் மடிக்கணினியில் டெபியன் 12 இருக்கிறது. பழகிய அதையே புதிய கணினியிலும் போட நினைத்திருந்தாள். பட்டியலில் இருந்த கிராபிக்ஸ் கார்டு ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 2025 ஜூனில் விற்பனைக்கு வந்தது. கெர்னல் 6.1 வெளியானதோ 2022 டிசம்பரில். இரண்டரை ஆண்டு கழித்துப் பிறக்கப்போகும் கார்டை அது எப்படி அறியும்? திரையில் மங்கலான குறைந்த தெளிவுப் படம் வரலாம், வராமலும் போகலாம். கார்டில் குறையே இருக்காது. அதைத் திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர் விண்டோஸில் ஓட்டிக் காட்டிவிடுவார்.

நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. என் வழங்கலின் கெர்னல் வெளியான தேதியைப் பார்ப்பேன்; அதற்கு ஓராண்டாவது முன்பு சந்தைக்கு வந்த பாகத்தைத்தான் வாங்குவேன். கெர்னல் 6.12 வெளியானது 2024 நவம்பரில். அப்படியென்றால் 2023 இறுதிக்குள் வந்த பாகங்கள் எனக்குப் போதும். புதுச்சரக்கு மோகம் உள்ளவர்களுக்கு இது கிழவியின் கணக்காகத் தெரியும். அவர்கள் ஆர்ச் போட்டுக்கொள்ளட்டும். எனக்குப் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும்.

இன்னொன்று ஃபர்ம்வேர். வைஃபை கார்டும் கிராபிக்ஸ் கார்டும் வேலை செய்ய டிரைவர் மட்டும் போதாது. கார்டுக்குள் ஏற்ற வேண்டிய சிறு நிரல் கோப்பும் வேண்டும். அதை வெளியிடும் நிறுவனங்கள் பெரும்பாலும் மூலநிரலைத் தருவதில்லை. அதனால் டெபியன் நீண்ட காலம் அவற்றைத் தன் நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை. 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவை மாற்றினார்கள். டெபியன் 12 முதல் அந்தக் கோப்புகள் அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே இருக்கின்றன. முன்பு வைஃபை வேலை செய்யக் கோப்பு வேண்டும், கோப்பை இறக்க வைஃபை வேண்டும் என்று ஒரு விசித்திரமான சுழல் இருந்தது. இப்போது அந்தத் தொல்லை இல்லை.

பெட்டியில் இருப்பது ஒரு பெயர், சில்லில் இருப்பது வேறு பெயர்

என் நோட்டுப் புத்தகத்தில் அதிகப் பக்கங்களை விழுங்கியது வைஃபைதான்.

ஒருமுறை யுஎஸ்பியில் செருகும் வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கினேன். செருகியதும் வேலை செய்தது. மகிழ்ந்துபோய் அம்மாவின் கணினிக்கும் அதே நிறுவனத்தின் அதே மாடலை வாங்கினேன். பெட்டி, நிறம், விளக்கு எல்லாம் ஒன்றே. செருகினால் எதுவும் நடக்கவில்லை. இரண்டு மாலைப் பொழுதுகள் போன பிறகுதான் அடாப்டரின் முதுகில், எறும்பு அளவு எழுத்தில், ‘வி2’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தேன். மாடல் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருந்த சில்லை வேறொரு நிறுவனத்தின் சில்லாக மாற்றியிருந்தார்கள். முதல் சில்லைக் கெர்னல் அறியும், இரண்டாவதை அறியாது. எட்டுப் புள்ளி எழுத்தில் ஒரு கால் விடுபட்டால்கூடக் கண்டுபிடிக்கிறவள் நான். என் கண்ணுக்கே அந்த வி2 தப்பியது.

அன்று முதல் எதை வாங்கினாலும் உள்ளே இருக்கும் சில்லின் பெயரைக் கண்டுபிடித்த பிறகே வாங்குகிறேன். கண்டுபிடிக்கும் வழிகள் சில உண்டு. மதர்போர்டுகளின் விவரப் பக்கத்தில் வலையமைப்பு, ஒலி ஆகியவற்றின் சில்லுப் பெயரைப் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அடாப்டர்களின் பக்கத்தில் எழுத மாட்டார்கள். அப்போது அந்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய் விண்டோஸ் டிரைவரை இறக்கிப் பாருங்கள். நிறுவ வேண்டாம், உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களை மட்டும் பாருங்கள். ஆர்டிஎல் என்று தொடங்கினால் ரியல்டெக், எம்டி என்று தொடங்கினால் மீடியாடெக் என்று ஊகிக்கலாம். விண்டோஸுக்காக எழுதிய டிரைவரை லினக்ஸ்காரி துப்பறியப் பயன்படுத்துவதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷமும் உண்டு.

அதைவிட உறுதியான வழி, அதே பாகம் யாரிடமாவது இருந்தால் அடையாள எண்ணைப் பார்ப்பது. முனையத்தில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையோடு இரட்டை ‘என்’ தெரிவைச் சேர்த்தால் ஒவ்வொரு பாகத்தின் பெயருக்குப் பின்னும் நான்கு இலக்கங்கள் கொண்ட இரண்டு எண்கள் ஜோடியாக வரும். முதல் எண் நிறுவனம், இரண்டாவது சில்லு. இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. 1978இல் அது வெளியிட்ட பிராசஸரின் பெயரையே எண்ணாக வைத்துக்கொண்டிருக்கிறது. யுஎஸ்பி பாகங்களுக்கு எல்எஸ்யுஎஸ்பி. அந்த ஜோடி எண்ணைக் கெர்னல் பதிப்போடு சேர்த்துத் தேடினால் விடை கிடைத்துவிடும். பெட்டியில் பென்குயின் படமும் ‘லினக்ஸ் ஆதரவு’ என்ற வாசகமும் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். பல நேரங்களில் அதன் பொருள், எப்போதோ ஒரு பழைய கெர்னலுக்காக எழுதிய மூலநிரல் பொட்டலம் ஒன்று தளத்தில் கிடக்கிறது என்பதே. அதை நீங்களே தொகுத்து, அதாவது இயங்கும் நிரலாக மாற்றி, நிறுவ வேண்டும். கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் மறுபடியும் தொகுக்க வேண்டும். ஒரு நாள் அது தொகுபடாமல் நின்றுவிடும்.

வைஃபைக்கு இப்போது நான் பரிந்துரைப்பது மதர்போர்டில் செருகும் கார்டு. இன்டெல் ஏஎக்ஸ்210 போன்றவையும் மீடியாடெக் எம்டி7921 போன்றவையும் கெர்னலில் உள்ள டிரைவரோடு ஓடுகின்றன. இங்கேதான் பட்டியலின் இரண்டாவது கோடு விழுந்தது. அவள் ஒரு பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய இன்டெல் ஏஎக்ஸ்201 கார்டை வைத்திருந்தாள். புதிய மதர்போர்டு ஏஎம்டி நிறுவனத்தின் பிராசஸருக்கானது. எம்.2 என்ற சிறிய துளையில் கார்டு சரியாக உட்காரும், திருகும் பொருந்தும். ஆனால் ஏஎக்ஸ்201 ஒரு முழு வைஃபை கார்டு இல்லை. சிஎன்விஐ என்ற ஏற்பாட்டில், வைஃபையின் ஒரு பாதி இன்டெல்லின் சிப்செட் என்ற துணைச் சில்லுக்குள் இருக்கிறது. கார்டில் இருப்பது மறுபாதி. ஏஎம்டி போர்டில் அதற்கு மறுபாதியே கிடையாது. இந்த வரிசையில் எண்ணின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள்: ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை தனித்து இயங்கும், ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை இன்டெல் போர்டு இல்லாமல் இயங்காது.

பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையில் செருகும் பெரிய வைஃபை கார்டு வாங்கினால் அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி தொங்கும். ப்ளூடூத் வேலை செய்ய அதை மதர்போர்டின் யுஎஸ்பி 2.0 முள்வரிசையில் செருக வேண்டும். ‘லினக்ஸில் ப்ளூடூத் வரவில்லை’ என்று என்னிடம் வந்தவர்களில் இருவர் அந்தக் கம்பியைச் செருகவே இல்லை.

கிராபிக்ஸ் கார்டு

நான் ஏஎம்டி பக்கம். காரணம் எளிது: அதன் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, படம் வரையும் பகுதி மெசா என்ற கட்டற்ற மென்பொருளில் இருக்கிறது. நிறுவி முடித்ததும் திரை வந்துவிடும். அதன் பிறகு அந்தக் கார்டு இருப்பதையே மறந்துவிடலாம். இன்டெல்லும் அப்படியே.

என்விடியாவின் கதை சற்று நீளம். பல ஆண்டுகள் முழுவதும் மூடிய டிரைவர்தான். 2022 மே மாதம் கெர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்து வெளியிட்டார்கள். 2018இல் வந்த டியூரிங் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும் மட்டும் அதில் அடங்கும். அதன் மேல் அமரும் பகுதி இன்னும் மூடியேதான் இருக்கிறது. மெசாவில் என்விகே என்ற கட்டற்ற மாற்று வளர்ந்து வருகிறது. நிறுவனத்தின் டிரைவரைப் போட்டால், கெர்னல் புதுப்பிக்கும்போதெல்லாம் அதற்கான தொகுதி (கெர்னலோடு சேரும் பகுதி) மறுபடி தொகுக்கப்பட வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி இதைத் தானாகச் செய்யும். கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கினால் அந்தத் தொகுதிக்கு உங்கள் சாவியால் கையொப்பமிட்டு, அந்தச் சாவியைக் கணினியில் பதிய வேண்டும். இதெல்லாம் முடியாத காரியம் இல்லை, எத்தனையோ பேர் செய்கிறார்கள். என்விடியாவின் கணக்கீட்டு ஏற்பாடான குடா தேவைப்படும் வேலை செய்கிறவருக்கு வேறு வழியும் இல்லை. அப்படிப்பட்டவர் என்விடியா வாங்கட்டும், ஆனால் அந்தத் தேவையைத் தெரிந்தே வாங்கட்டும். பழைய என்விடியா கார்டை யாராவது சும்மா கொடுத்தால் மட்டும் எச்சரிக்கை: நிறுவனம் அந்தத் தலைமுறைக்கு ஆதரவை நிறுத்திவிட்டால் அதன் கடைசி டிரைவர் புதிய கெர்னலோடு ஒத்துப்போகாமல் போகும்.

தொலைக்காட்சியைத் திரையாகப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஏஎம்டி தன் கட்டற்ற டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1 வசதிகளைச் சேர்க்க விரும்பியபோது, அந்தத் தரத்தைக் கட்டுப்படுத்தும் எச்டிஎம்ஐ ஃபோரம் 2024இல் அனுமதி மறுத்தது. அதனால் 4கே தெளிவில் நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரை வேண்டுமென்றால் டிஸ்ப்ளேபோர்ட் துளை உள்ள மானிட்டராகப் பாருங்கள். கார்டில் இரண்டும் இருக்கும். தொலைக்காட்சிகளில்தான் டிஸ்ப்ளேபோர்ட் பெரும்பாலும் இருக்காது.

அவளுடைய பட்டியலில் 9060 எக்ஸ்டியை அடித்துவிட்டு, 2023 மே மாதம் வந்த ஆர்எக்ஸ் 7600 என்று எழுதினேன். டெபியன் 12 என்பதை 13 ஆக்கினேன்.

பிராசஸரும் மதர்போர்டும்

அடுத்த கோடு பிராசஸரில். ரைசன் 5 7500எஃப் என்று எழுதியிருந்தாள். வேகத்தில் குறையில்லை. ஆனால் அந்த ‘எஃப்’ எழுத்துக்குப் படம் காட்டும் பகுதி உள்ளே இல்லை என்று பொருள். இன்டெல்லிலும் எஃப் என்றால் அதுவே. கிராபிக்ஸ் கார்டு இருக்கும்போது அது எதற்கு என்று கேட்டாள். கார்டு பழுதாகும் நாளில் தெரியும். திரையே வராத கணினியில் குறை கார்டிலா, ரேமிலா, போர்டிலா என்று பிரித்துப் பார்க்க, பிராசஸரே ஒரு சிறு படத்தைக் காட்டினால் பாதி வேலை முடிந்தது. டிரைவர் ஏதாவது கெட்டுப்போனாலும் கம்பியை மதர்போர்டுக்கு மாற்றிக்கொண்டு சரிசெய்யலாம். ரைசன் 5 7600இல் அந்தச் சிறு பகுதி உண்டு. விசிறியும் பெட்டிக்குள்ளேயே வருகிறது. இப்போது அவளுடைய பட்டியலில் பிராசஸரும் 7600, கிராபிக்ஸ் கார்டும் 7600. பெயர் வைத்ததற்கு நான் பொறுப்பில்லை; கடையில் சொல்லும்போது எது எது என்று தெளிவாகச் சொல்லச் சொன்னேன்.

சாக்கெட் பெயர் ஒன்றாக இருந்தாலே பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். இன்டெல்லின் எல்ஜிஏ1151 இதற்கு நல்ல உதாரணம். 2017இல் வந்த எட்டாம் தலைமுறைப் பிராசஸர், ஆறாம் ஏழாம் தலைமுறைகளுக்கான 100, 200 வரிசைப் போர்டுகளில் உட்காரும், ஆனால் இயங்காது. 300 வரிசைப் போர்டுதான் வேண்டும். பழைய பொருள் வாங்குகிறவர்கள் இதில் இன்றும் ஏமாறுகிறார்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் நெடுநாள் வாழ்ந்தது என்று புகழ்வார்கள், உண்மைதான். ஆனால் ரைசன் 5000 பிராசஸரைப் பழைய பி450 போர்டில் போடுவதற்கு முன், கணினியைத் துவக்கும் நிரலான பயாஸைப் புதுப்பித்தாக வேண்டும். புதுப்பிக்கப் பழைய பிராசஸர் வேண்டும். அது உங்களிடம் இருக்காது. பிராசஸர் இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பொத்தான் சில போர்டுகளின் முதுகில் இருக்கிறது. இரண்டு போர்டுகளுக்கு இடையே தயங்கும்போது நான் அந்தப் பொத்தான் உள்ளதை எடுப்பேன். பயாஸ் புதுப்பிக்க விண்டோஸ் வேண்டும் என்பது பழைய அச்சம். இன்றைய போர்டுகளில் பயாஸுக்குள்ளேயே அதற்கான கருவி இருக்கிறது. ஃபேட்32 வடிவில் அமைத்த பென் டிரைவ் போதும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசஸர்கள் சிலவற்றில் மின்னழுத்தம் மிகுந்து நிலைகுலையும் சிக்கல் 2024இல் வெளிப்பட்டபோது, தீர்வு பயாஸ் புதுப்பிப்பாகத்தான் வந்தது.

மதர்போர்டில் நான் பார்ப்பவை வேறு சிலவும் உண்டு. விசிறி வேகமும் வெப்பமும் அளக்கும் சில்லு எது? நுவோடான் சில்லுகள் பலவற்றைக் கெர்னலின் என்சிடி6775 டிரைவர் படிக்கும். ஐடிஇ சில்லுகளில் சிலவற்றுக்குக் கெர்னலில் ஆதரவு தாமதமாகவே வருகிறது. இது இல்லாவிட்டால் கணினி இயங்காமல் போகாது, விசிறி வேகம் மட்டும் தெரியாது. எனக்கு அது தெரிந்தாக வேண்டும், பலருக்குத் தேவையில்லை. வண்ண விளக்குகளுக்கு ஓப்பன்ஆர்ஜிபி என்ற மென்பொருள் இருக்கிறது. விளக்கே இல்லாத பாகமாக வாங்குவது அதைவிட நல்ல வழி.

ரேமும் சேமிப்பும்

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 தொடுமுனைகள்; நடுவில் உள்ள வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். ஒன்று மற்றொன்றின் துளையில் இறங்காது, அழுத்தி இறக்கவும் கூடாது. இவளுடைய ரைசனுக்கான ஏஎம்5 போர்டு என்றால் டிடிஆர்5 மட்டுமே. இன்டெல்லின் எல்ஜிஏ1700 போர்டுகளில் இரண்டு வகையும் உண்டு. ஒரே பெயரில், கடைசி எழுத்து மட்டும் மாறி வரும் போர்டுகளும் உண்டு.

அவள் எழுதியிருந்தது நான்கு 16 ஜிபி பட்டைகள். அடித்துவிட்டு இரண்டு 32 ஜிபி என்று மாற்றினேன். மொத்தம் அதே 64. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி கொடுத்துள்ள கணக்கில் இரண்டு பட்டைகள் என்றால் வேகம் 5200. நான்கு என்றால் 3600. நான்கு துளைகள் இருக்கின்றனவே என்று நான்கையும் நிரப்பினால் வேகமும் போகும், சில போர்டுகளில் முதல் முறை இயங்கவே நீண்ட நேரம் எடுக்கும். போர்டு நிறுவனம் சோதித்த ரேம்களின் பட்டியலை வெளியிடும். அதில் இருக்கும் ரேமை வாங்குவது நல்லது, இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஓடும். சர்வரிலிருந்து கழற்றிய, ரெஜிஸ்டர்டு வகை ரேம் மலிவாகக் கிடைத்தால் ஆசைப்படாதீர்கள். வீட்டுப் போர்டுகளில் அது இயங்காது.

எஸ்எஸ்டி பற்றிச் சொல்ல அதிகமில்லை. எம்.2 என்பது வடிவத்தின் பெயர். உள்ளே தகவல் போகும் முறை பழைய சாட்டாவாகவும் இருக்கலாம், வேகமான என்விஎம்இயாகவும் இருக்கலாம். துளை எதை ஏற்கிறது என்று போர்டின் கையேட்டில் இருக்கும். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். கையேட்டில் அடிக்குறிப்பாக ஒளிந்திருக்கும் ஒரு வரியையும் படியுங்கள்: குறிப்பிட்ட எம்.2 துளையில் எஸ்எஸ்டி செருகினால் சில சாட்டா துளைகள் செயலிழக்கும் என்று பல போர்டுகளில் எழுதியிருக்கும். பழைய வட்டுகளை எடுத்துப் போகிறவர்கள் இங்கே திகைப்பார்கள். நிறுவும்போது லினக்ஸுக்கு வட்டே தெரியவில்லை என்றால் பயாஸில் சேமிப்பு முறை ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருக்கிறதா பாருங்கள். ஏஎச்சிஐ என்று மாற்றினால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மின்சாரம்

ஐந்தாவது கோட்டை இரண்டு முறை அழுத்திப் போட்டேன். அண்ணனுடைய பழைய கணினியின் பவர் சப்ளையை எடுத்து, போதாத கம்பிகளுக்கு இன்னொரு பவர் சப்ளையின் கம்பிகளைச் சேர்த்துக்கொள்வதாக எழுதியிருந்தாள்.

கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளைகளில், பாகத்தின் பக்கம் இருக்கும் முனைக்குத் தரம் உண்டு. பவர் சப்ளையின் பக்கம் இருக்கும் முனைக்கு எந்தத் தரமும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும், ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு மாடல்களும்கூட, தங்கள் விருப்பப்படி முள்களை வரிசைப்படுத்துகின்றன. முனை மட்டும் அச்சு அசலாகப் பொருந்தும். எனக்கு இது ஒரு மாலையில் தெரிந்தது. பழைய கம்பியைப் புதிய பவர் சப்ளையில் செருகி இயக்கினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், பிறகு நுகர்ந்தால் மறக்க முடியாத ஒரு வாடை. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போயிருக்கிறது. எரிந்துபோன அந்த வட்டில் நான்கு புத்தகங்களின் பக்கங்கள் இருந்தன. மூன்றுக்கு நகல் இருந்தது. நான்காவதை மறுபடி வடிவமைத்துக் கொடுத்தேன், ஆசிரியரிடம் ‘சற்று மெருகேற்றுகிறேன்’ என்று சொல்லி இரண்டு வாரம் வாங்கிக்கொண்டு.

வாட் கணக்கு கடினமில்லை. பிராசஸரின் பெட்டியில் இருக்கும் எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. ரைசன் 5 7600க்கு 65 வாட் என்று போட்டிருக்கும்; உச்சத்தில் 88 வரை இழுக்க அனுமதி உண்டு. இன்டெல்லின் 125 வாட் பிராசஸர்களில் சில உச்சத்தில் 253 வாட் இழுக்கும். ஆர்எக்ஸ் 7600 கார்டுக்கு 165 வாட். இவளுக்கு 88, 165, மற்றவற்றுக்கு ஓர் ஐம்பது, முந்நூற்றுச் சொச்சம். கார்டுக்கு ஏஎம்டி பரிந்துரைப்பது 550 வாட் பவர் சப்ளை. அதையே எழுதினேன், புதியதாக, அதன் சொந்தக் கம்பிகளோடு. பழையதன் கம்பிகளை ஒரு பையில் போட்டு அதன் மாடல் பெயரைப் பையின் மேல் எழுதச் சொன்னேன்.

கேபினெட்டும் மீதியும்

மூன்று அளவுகளை மில்லிமீட்டரில் பாருங்கள்: போர்டு, கார்டின் நீளம், பிராசஸர் விசிறியின் உயரம். ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244, மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. என் மூன்றாவது கணினியில் விசிறி 3 மி.மீ. உயரம் அதிகமாகி, பக்கக் கதவு மூடாமல் ஓராண்டு திறந்தே ஓடியது. பூனைக்கு மட்டும் அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

வெப்கேம், ஒலிக் கருவி ஆகியவற்றில் யுஎஸ்பி பொதுத் தரத்தைப் பின்பற்றுவதாகச் சொல்பவை தனி டிரைவர் இல்லாமலேயே இயங்கும். வெப்கேமுக்கு யுவிசி என்ற சொல்லைத் தேடுங்கள். அச்சுப்பொறிக்கு ஐபிபி எவ்ரிவேர் என்ற தரம். ஸ்கேனருக்கு முன்கூட்டியே, லினக்ஸில் ஸ்கேனர்களை இயக்கும் சேன் திட்டத்தின் ஆதரவுப் பட்டியலைப் பாருங்கள், வாங்கிய பிறகு பார்க்காதீர்கள்.

ஃபர்ம்வேர் உட்பட எதிலும் மூடிய நிரல் கூடாது என்பவர்களுக்குப் பாதை குறுகலானது. பயாஸுக்குப் பதில் கோர்பூட் என்ற கட்டற்ற நிரல் இயங்கும் வீட்டுப் போர்டுகள் சிலவே. எம்எஸ்ஐ ப்ரோ இசட்690-ஏ போர்டுக்கு டஷாரோ என்ற கோர்பூட் வழங்கல் இருக்கிறது. வைஃபைக்கு ஏத்9கே டிரைவரில் ஓடும் பழைய ஏதெராஸ் பிசிஐ கார்டுகளுக்கு ஃபர்ம்வேர் கோப்பே வேண்டாம். வேகம் குறைவு. நான் அந்தப் பாதையில் போகவில்லை, போகிறவர்களைக் கேலி செய்யவும் மாட்டேன். அவர்கள் பிடிவாதம் பிடித்ததால்தான் எனக்கு இத்தனை டிரைவர்கள் கிடைத்தன.

கோத்த பிறகு

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவளே கோத்தாள். நான் திருகுகளை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். இயக்கியதும் வழங்கலை நிறுவ அவசரப்பட்டாள். அதற்கு முன் மெம்டெஸ்ட்86+ ஏற்றிய பென் டிரைவைச் செருகி இரவு முழுக்க ரேமைச் சோதிக்க வைத்தேன். கெட்ட ரேமில் நிறுவிய கணினி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகக் கோளாறு காட்டும்; நீங்கள் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். காலையில் பிழை எண்ணிக்கை பூச்சியம்.

அடுத்து நிறுவாமலேயே இயக்கும் லைவ் பென் டிரைவ். ஒலி, வைஃபை, ப்ளூடூத், உறக்கநிலைக்குப் போய் எழுவது, நான்கையும் அதிலேயே சோதித்துவிடுங்கள். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு இன்னும் முடிந்திருக்காது. உறக்கநிலையைப் பலர் மறந்துவிடுவார்கள்.

கடைசியாக முனையத்தைத் திறந்து எல்எஸ்பிசிஐ கட்டளையோடு ‘கே’ தெரிவைச் சேர்த்து ஓட்டச் சொன்னேன். ஒவ்வொரு பாகத்தின் கீழும் ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்று ஒரு வரி வர வேண்டும். கிராபிக்ஸ் கார்டின் கீழே ஏஎம்டிஜிபியு, வைஃபையின் கீழே ஐடபிள்யூஎல்வைஃபை, கம்பி வலையின் கீழே ஆர்8169. அவள் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தவள் நின்றாள். “அத்தை, இங்கே சிலவற்றுக்கு டிரைவரே இல்லை.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஹோஸ்ட் பிரிட்ஜ் என்ற வரிகள். அவற்றுக்கு டிரைவர் தேவையே இல்லை. அவற்றின் பெயரிலேயே ‘டம்மி’ என்று எழுதியிருந்தது.